உடைசல் யார் கணக்கில்? ஆத்தங்குடிப் பட்டறை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

செட்டிநாட்டில் ஆத்தங்குடிப் பக்கம் பூக்கல், அதாவது பூ வேலைப்பாடுள்ள சிமெண்ட் தரைக்கல், போடும் பட்டறை ஒன்று. ஐப்பசி மழையில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கூலி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே இருபது வருஷத்துக்கு மேல் கல் போட்டுவந்த ஒருவரின் கணக்கில், வாரக் கூலியில் கால்வாசியை ‘உடைசல்’ என்று எழுதிப் பிடித்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை அவர் வரவில்லை. அந்த வாரத்துக்குள் இன்னும் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். அப்போது கையில் இருந்தது பெங்களூர் வீடு ஒன்றுக்கான ஆறு நிறப் பூக்கல் ஆர்டர். அதைச் சுத்தமாகப் போடத் தெரிந்தவர்கள் அந்த மூன்று பேர்தான்.

முதலாளி சென்னையில் இருக்கிறார்; மாதம் ஒருமுறை வந்துபோவார். அவர் முதலில் கேட்ட கேள்வி, “கல்லுக்குக் கூலியைக் கூட்டினால் வந்துவிடுவார்களா?” என்பது. கூட்டியும் பார்த்தார். யாரும் வரவில்லை. அதற்குப் பிறகு அவர் கேட்டுக்கொண்டதன் பேரில், நின்றவர்கள், இருப்பவர்கள் எல்லாரிடமும் பேசி, கணக்கு நோட்டுகளையும் பார்த்து எழுதியது இது. ஊர் சின்னது. அதனால் பட்டறையின் பெயரும் ஆட்களின் பெயரும் இதில் வராது. முதலில் நின்றுபோனவரை மூத்தவர் என்றும், பட்டறையை நடத்துபவரை அங்கே எல்லாரும் கூப்பிடுவதுபோல மேஸ்திரி என்றும் சொல்கிறேன்.

கல் உருவாகும் விதம்

நடந்தது புரிய வேண்டுமானால் பூக்கல் எப்படி உருவாகிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். இதைச் சூளையில் சுடுவதில்லை. துடைத்த கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்குகிறார்கள். அச்சின் ஒவ்வொரு அறையிலும் அதற்குரிய நிறத்தை, அதாவது ஆக்சைடு சேர்த்த சிமெண்ட் கரைசலை, ஊற்றுகிறார்கள். அச்சை அலுங்காமல் தூக்கிவிட்டு, ஈரத்தை உறிஞ்ச உலர்ந்த சிமெண்ட் மணல் கலவையைத் தூவி, அதன்மேல் ஈரக் கலவையைப் போட்டு, கரணையால் மட்டம் பார்த்து எடுத்துவைக்கிறார்கள். காய்ந்ததும் கல் தண்ணீர்த் தொட்டிக்குப் போகிறது. பல நாள் ஊறி, வெளியே வந்து காயும்போது கண்ணாடி கழன்றுகொள்கிறது.

கல்லின் முகம் கண்ணாடியை ஒட்டிக் கீழே இருக்கும். போடுகிறவர் பார்ப்பது முதுகை மட்டும். குறை இருந்தால் அது வெளியே தெரிய நாளாகும், அதற்குள் அந்தக் கல் பல கைகள் மாறியிருக்கும். நிறம் ஒன்றோடொன்று கலந்திருந்தால் ஊற்றியவர் கை தவறியிருக்கலாம், கரைசல் தண்ணியாக இருந்திருக்கலாம். முகத்தில் திட்டு இருந்தால் கண்ணாடி சரியாகத் துடைக்கப்படாமல் இருந்திருக்கலாம். மயிரிழை விரிசலுக்குக் களி கலந்த மணல், போதாத ஊறல், அவசரக் காய்ச்சல் என்று பல காரணம் உண்டு. மழைக்காலத்தில் வெள்ளை பூத்துவிட்டால் சிமெண்ட், மணல், தண்ணீர் மூன்றையும்தான் சந்தேகப்பட வேண்டும்.

இந்தப் பட்டறையில் கல் போடுகிறவர்கள் எல்லாரும் ஆண்கள், எண்ணிக்கைக் கூலி. மணல் சலிப்பதும் கண்ணாடி துடைப்பதும் தொட்டியில் இறக்கி ஏற்றுவதும் அடுக்கிக் கட்டுவதும் பெண்கள், நாள் கூலி. கரைசல் கலக்குவதற்குத் தனியாக ஓர் ஆள். நோட்டில் உடைசல் விழுந்தால் அது போட்டவர் பெயரில் மட்டுமே விழும்.

திறமைக்குக் கிடைத்தது

கூலியில் இரண்டே விகிதம். ஒரே நிறக் கல்லுக்கும் பார்டர் கல்லுக்கும் ஒன்று. பூக்கல்லுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதல். மேலோட்டமாகப் பார்த்தால் சரியாகத்தான் தெரியும். ஆனால் மூன்று நிறப் பூவும் ஆறு நிறப் பூவும் ஒரே விகிதம். ஆறு நிறக் கல் ஒன்றை முடிக்கிற நேரத்தில் பார்டர் கல் பலவற்றைத் தள்ளிவிடலாம். கூடுதல் கூலி அந்த வித்தியாசத்தில் பாதியைக்கூட ஈடுகட்டாது.

யாருக்கு எந்த டிசைன் என்பதைத் தினமும் காலையில் மேஸ்திரி வாயால் சொல்வார். கடினமான டிசைன் எல்லாம் மூத்தவருக்கே போகும். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. “அவரு கைதான் சார் நடுங்காது. ஆர்டரை வேற யார நம்பிக் குடுக்குறது?” என்றார் மேஸ்திரி. அவர் சொன்னது உண்மை. அதன் விளைவு என்ன என்று பழைய நோட்டுகளைப் புரட்டினால் தெரிகிறது: பட்டறையிலேயே கை தேர்ந்த ஆள், வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகாத பையனைவிட வாரத்துக்கு வாரம் குறைவாக வாங்கிப் போயிருக்கிறார். அந்தப் பையன் மேஸ்திரியின் அக்கா மகன். அவனுக்கு எப்போதும் பார்டர் கல்.

மேஸ்திரி தன் ஆளுக்கு லேசான வேலையைக் கொடுக்கிறார் என்று பட்டறை முழுக்கப் பேச்சு. பையனோ, பூ அச்சைத் தன்னிடம் யாரும் கொடுக்கவே இல்லை என்றான். கிட்டத்தட்ட இரண்டு வருஷம் பார்டர் போட்டு அதே இடத்தில் நிற்கிற வருத்தம் அவனுக்கு. அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பார்க்கப்போனால் அந்த ஏற்பாட்டில் அவனுக்கும் அநியாயம்தான் நடந்திருக்கிறது.

ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் ஆய்வாளராக இருந்த உளவியலாளர் ஸ்டேசி ஆடம்ஸ் 1963-ல் எழுதிய கருத்து இங்கே பொருந்துகிறது. ஒருவர் தன் சம்பளத்தைத் தனியாக வைத்துப் பார்ப்பதில்லை. தான் போட்ட உழைப்புக்கும் கிடைத்ததற்கும் உள்ள விகிதத்தை, பக்கத்தில் இருப்பவரின் விகிதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார் என்றார் அவர். எல்லாருக்கும் ஒரேயடியாகக் கூலியைக் கூட்டிய முதலாளியின் வைத்தியம் பலிக்காமல் போனதற்குப் பாதிக் காரணம் இதுவே. கூட்டிய பிறகும் மூத்தவருக்கும் பையனுக்கும் இடையில் இருந்த விகிதம் அப்படியே இருந்தது.

அந்தச் சனிக்கிழமை

மீதிப் பாதிக் காரணத்தைத் தெரிந்துகொள்ள அன்று சாயங்காலம் பேசிய பேச்சைப் பார்க்க வேண்டும். அங்கே இருந்த பலரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்.

தொகை குறைந்திருப்பதைப் பார்த்து மூத்தவர், “இம்புட்டு உடைசல் ஏது தம்பி? இது பூராவும் நான் போட்ட கல்லுதான்னு எப்படிச் சொல்ற?” என்று கேட்டிருக்கிறார். இந்த மேஸ்திரிக்கு அச்சைப் பிடிக்கவும் கரைசல் ஊற்றவும் சொல்லிக்கொடுத்ததே மூத்தவர்தான். அதனால் ‘தம்பி’ என்பார். பதிலுக்கு மேஸ்திரியும் எப்போதும் ‘அண்ணே, நீங்க’ என்றுதான் பேசுவார். அன்றைக்கு அவர் சொன்னது: “போட்டவன்தான் பொறுப்பு. இஷ்டம்னா இரு, இல்லேன்னா கெளம்பு.”

பெண்கள், சின்னப் பையன்கள், லாரிக்காரர் எல்லாரும் இருந்த இடம்.

மூத்தவரை அவர் வீட்டில் பார்த்தேன். பணத்தைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. “காசு போனா சம்பாதிச்சுக்கலாம் சார். என்கிட்ட தொழில் படிச்சவன் அத்தனை பேர் முன்னாடி கெளம்புன்னுட்டான். அப்புறம் அங்க எப்படி உக்காந்து கல்லு போடுறது?” என்றார். கூட நின்ற இருவருக்கும் அந்த வாரம் பெரிதாக எதுவும் பிடிக்கவில்லை. அவருக்கே இந்தக் கதி என்றால் நமக்கு என்ன என்று நின்றுவிட்டார்கள். ஒருவருக்கு நடப்பதை வைத்து மற்றவர்கள் தங்கள் நிலைமையை எடைபோடுவார்கள் என்பது நிர்வாகம் பார்க்கிற பலருக்கு மறந்துபோகிறது.

அமெரிக்க ஆய்வாளர் ஜெரால்ட் கிரீன்பெர்க் 1990-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை முதலாளியிடம் விரிவாகச் சொன்னேன். ஒரே நிறுவனத்தின் மூன்று தொழிற்சாலைகளை அவர் கவனித்தார். ஆர்டர் குறைந்ததால் இரண்டு இடங்களில் 10 வாரத்துக்குச் சம்பளத்தில் 15 சதவீதம் குறைத்தார்கள். மூன்றாவதில் குறைப்பு இல்லை. குறைத்த ஓர் இடத்தில் நிறுவனத் தலைவரே நேரில் வந்து, ஏன் குறைக்கிறோம் என்று கணக்கோடு சொல்லி, வருத்தம் தெரிவித்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். கூட்டம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் நடந்தது. இன்னோர் இடத்தில் கால் மணி நேரத்தில் அறிவித்து முடித்துவிட்டார்கள். குறைத்த தொகை இரண்டிலும் ஒன்றே. ஆனால் கால் மணி நேரத்தில் முடித்த இடத்தில் பொருட்கள் களவுபோவதும், ஆட்கள் வேலையை விட்டுப்போவதும் மற்றதைவிட நன்றாகக் கூடின. இழப்பு ஒன்றாக இருந்தும், அதைச் சொன்ன விதம் இத்தனை வித்தியாசத்தை உண்டாக்கியது.

மணல் வேறாக இருந்தது

அந்த வார உடைசலுக்கு உண்மையான காரணம் என்ன என்று பட்டறையில் யாரும் தேடவில்லை. தொட்டி வேலை பார்க்கும் ஓர் அம்மாவிடம் கேட்டபோது நேராகச் சொல்லிவிட்டார்: “அந்த வாரம் வந்த மணலு வேற சார். கையில எடுத்தா மண்ணு மாதிரி ஒட்டுச்சு. சலிக்கிறப்பவே நாங்க பேசிக்கிட்டோம். எங்கள யாரு கேக்குறா?” லோடு வந்த தேதியையும் உடைசல் தேதியையும் வைத்துப் பார்த்தால் அவர் சொன்னது பொருந்துகிறது. மிச்சம் கிடந்த மணலைக் கண்ணாடிக் குடுவையில் தண்ணீர் விட்டுக் குலுக்கிவைத்தோம். மேலே களி தனி அடுக்காக நின்றது. அந்தக் கல் விரிசல் விட்டதற்கு மூத்தவரின் கை காரணம் இல்லை.

நடைமுறை நியாயமாக இருப்பதற்கு வேண்டிய விதிகள் என்று ஜெரால்ட் லெவந்தால் 1980-ல் ஆறு சொன்னார். அவற்றில் மூன்று இந்தப் பட்டறையில் அறவே இல்லை. முடிவு சரியான தகவலின் மேல் நிற்க வேண்டும். இங்கே நோட்டில் பெயரும் எண்ணிக்கையும் தவிர ஒன்றும் இல்லை. முடிவால் பாதிக்கப்படுகிறவர்களின் தரப்பையும் கேட்க வேண்டும்; விஷயம் தெரிந்த பெண்களையே யாரும் கேட்கவில்லை. தவறான முடிவைத் திருத்த ஒரு வழி இருக்க வேண்டும். சனிக்கிழமை பிடித்தால் பிடித்ததுதான். இந்த மூன்றாவது விதியை நான் மற்றவற்றைவிட மேலாக வைப்பேன். எந்த மேலாளரும் எப்போதாவது தவறாக முடிவெடுப்பார். ‘இது தப்பு’ என்று சொல்ல ஓர் இடம் இருந்தால் ஆட்கள் பொறுத்துக்கொள்வார்கள். அந்த இடம் இல்லாதபோது வாசல் ஒன்றுதான் மிச்சம்.

சட்டமும் இதையே சொல்கிறது. 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1936-ஆம் ஆண்டு சம்பளப் பட்டுவாடாச் சட்டப்படி, சேதத்துக்காகச் சம்பளத்தில் பிடிக்க வேண்டுமானால் அந்தச் சேதம் அந்த ஆளின் கவனக்குறைவால் நேரடியாக நேர்ந்திருக்க வேண்டும் என்று இருந்தது. அவர் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்காமல் ஒரு ரூபாயும் பிடிக்கக்கூடாது என்றும் இருந்தது. பிடிக்கிற தொகை சேதத்தின் மதிப்பைத் தாண்டவும் கூடாது என்றது. இப்போது அதன் இடத்தில் இருக்கும் 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பிலும் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்ற விதி இருக்கிறது. முதலாளிக்கு இது தெரிந்திருக்கவில்லை. சொன்னதும் பிடித்த தொகையைத் திருப்பிக் கொடுத்தனுப்பினார். மூத்தவர் வாங்கிக்கொண்டார், ஆனால் வேலைக்கு வரவில்லை.

மேஸ்திரிக்கு யார் நியாயம் செய்தது?

இதுவரை படித்தால் மேஸ்திரியின் மேல் கோபம் வரும். எனக்கும் வந்தது. அவர் சம்பளம் எப்படி முடிவாகிறது என்று பார்த்த பிறகு கோபம் வேறு இடத்துக்குப் போனது.

அவருக்கு மாதச் சம்பளம். உடைசல் ஓர் அளவைத் தாண்டினால் அதிலும் பிடிப்பு உண்டு. சரக்கு சொன்ன தேதியில் லாரி ஏறாவிட்டால் சென்னையிலிருந்து போன் வரும். மணல் வாங்குவது முதலாளியின் முடிவு; விலை குறைவு என்று லோடுக்காரரை மாற்றியதும் அவர்தான். ஆர்டர் நிறைய வந்து லாபம் கூடினால் மேஸ்திரிக்கு அதில் எதுவும் கிடையாது. “நானும் யாரு மேலயாச்சும் எழுதித்தான் சார் ஆகணும். எழுதலேன்னா என் மேல விழும்” என்றார். அன்றைக்குப் பேசியதைப் பற்றிக் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டார். மழையில் காயாத கல், தேதி நெருங்கிய ஆர்டர், காலையில் சென்னையிலிருந்து வாங்கிய ஏச்சு எல்லாம் சேர்ந்து, தனக்குத் தொழில் சொல்லித் தந்தவர் தலையில் விழுந்திருக்கிறது.

செட்டிநாட்டில் முதலாளி ஓர் இடத்தில், தொழிலை நடத்துகிறவர் ஓர் இடத்தில் என்பது பழகிய ஏற்பாடு. பர்மா, இலங்கை, மலாயாவில் நகரத்தார் லேவாதேவி நடத்திய காலத்தில் முதலாளி ஊரில் இருப்பார். கடையை நடத்த மேலாள் கப்பலேறுவார். அவருக்குக் கீழே அடுத்தாள், அதற்கும் கீழே பெட்டியடிப் பையன். பெரும்பாலும் மூன்று வருஷக் கணக்கு. புறப்படும் முன்பே சம்பளச் சீட்டு எழுதிவிடுவார்கள்: எத்தனை காலம், எவ்வளவு சம்பளம், அதில் முன்பணம் எவ்வளவு என்று. திரும்பிவந்து கணக்கை ஒப்படைத்த பிறகு பாக்கிச் சம்பளமும், லாபம் இருந்தால் அதில் ஒரு பங்கும் கிடைக்கும். அது பெரும்பாலும் ஒரே சமூகத்துக்குள் நடந்த ஏற்பாடு. அதைப் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அங்கே மேலாளுக்கு லாபத்தில் பங்கு இருந்தது, என்ன கிடைக்கும் என்பது முன்கூட்டியே எழுத்தில் இருந்தது. நம் பட்டறை மேஸ்திரிக்கு நஷ்டத்தில் மட்டும் பங்கு. எழுத்தில் ஒன்றும் இல்லை. தனக்கு நியாயம் கிடைக்காத இடத்தில் இருப்பவர் கீழே இருப்பவர்களுக்கு நியாயம் செய்வார் என்று எதிர்பார்ப்பது வீண்.

தை முதல்

அதனால் மாற்றத்தை மேஸ்திரியின் சம்பளத்திலிருந்து தொடங்கச் சொன்னேன். முதலாளி கொஞ்சம் தயங்கினார்; உடைசலுக்குப் பிடிப்பு இல்லையென்றால் யாருக்கும் அக்கறை இருக்காது என்பது அவர் பயம். கடைசியில் ஒத்துக்கொண்டார். மேஸ்திரியின் சம்பளத்தில் உடைசல் பிடிப்பு நின்றது. வருஷக் கடைசியில் லாபத்தில் ஒரு பங்கு என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

அடுத்து டிசைன்கள். பட்டறையில் உள்ள ஒவ்வொரு அச்சையும் இரண்டு பேர் எல்லார் முன்னாலும் போட்டுப் பார்த்து, ஆகிற நேரத்தை வைத்து கூலியை மூன்று படியாகப் பிரித்தார்கள். ஆறு நிறப் பூவுக்கு இப்போது நல்ல கூலி; வாடிக்கையாளரிடம் அதற்கேற்ற விலையையும் கேட்கிறார்கள். யாருக்கு எந்த டிசைன் என்று காலையில் கரும்பலகையில் எழுதிவிடுகிறார்கள். பையனுக்கு வாரத்தில் சில நாள் பூ அச்சு பழக்கம். சொல்லிக்கொடுப்பவருக்கு அந்த நேரத்துக்குத் தனிக் கூலி. போடுகிறவர்கள் ஈரம் காயும் முன் கல்லின் முதுகில் தங்கள் குறியைக் கீறிவிடுகிறார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் குறையுள்ள கற்களைப் பரப்பிவைத்து, மேஸ்திரியும் கல் போடுபவர் ஒருவரும் தொட்டி வேலை பார்க்கும் பெண் ஒருவரும் சேர்ந்து காரணம் பார்க்கிறார்கள். யார் கூலியிலும் பிடிப்பு கிடையாது.

இந்த வெள்ளிக்கிழமைப் பார்வைக்கு மேஸ்திரியே முதலில் எதிர்ப்புத் தெரிவித்தார். “அப்ப எனக்கு என்ன மரியாதை?” என்றார். இரண்டாவது வாரமே கண்ணாடி துடைக்கிற தண்ணீரில் இருந்த கோளாறு பிடிபட்டது. அதன் பிறகு அவர் இதைப் பற்றிக் குறை சொல்லவில்லை. புது லோடு மணல் வந்தால் இறக்கும் முன் பெண்களைக் கூப்பிட்டுக் காட்டும் பழக்கத்தை அவராகவே கொண்டுவந்தார்.

மூத்தவர் வீட்டுக்கு மேஸ்திரி போனார். யாரும் சொல்லிப் போகவில்லை. மூத்தவர் காபி கொடுத்து உட்காரவைத்துப் பேசியிருக்கிறார், மனதில் ஒன்றும் இல்லை என்றும் சொல்லியிருக்கிறார். ஆனால் அதற்குள் அதே ஊரில் வேறு பட்டறையில் சேர்ந்துவிட்டார். அங்கிருந்து வருவதாக இல்லை. கூட நின்ற இருவரும் தை கடைசியில் திரும்பினார்கள். பெங்களூர் ஆர்டர் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது.

சரியாகாமல் நிற்பது பெண்களின் கூலி. மணலைப் பார்த்துச் சொல்வது, உடைசலுக்குக் காரணம் கண்டுபிடிப்பது என்று அவர்கள் பொறுப்பு கூடியிருக்கிறது. நாள் கூலி பழையதுதான். தொட்டி வேலை பார்க்கும் அந்த அம்மா பங்குனியில் இதை மேஸ்திரியிடம் கேட்டார், அவர் முதலாளியிடம் சொன்னார். சித்திரைக்குப் பிறகு பார்க்கலாம் என்பது பதில். கல் போடுபவர்களுக்குத் தையிலேயே மாறியது இவர்களுக்கு மட்டும் ஏன் சித்திரை வரை தள்ளிப்போக வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. கூட்டுகிற கூலியை, வெள்ளிக்கிழமைப் பார்வை தொடங்கிய வாரத்திலிருந்தே கணக்கிட்டு நிலுவையோடு கொடுக்க வேண்டும் என்று முதலாளிக்கு எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.